நடுவரின் தீர்ப்பும் தொலைக்காட்சி மீளாய்வும்: கண்டி கற்றுத்தரும் பாடங்கள்

கண்டியில் பாடசாலை றக்பி பருவகாலம் தொடங்கிவிட்டால் நகரின் பேச்சே மாறிவிடும். திரித்துவக் கல்லூரி, கிங்ஸ்வூட், தர்மராஜ, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி ஆகியவற்றின் வெற்றி தோல்விகள் தேநீர்க் கடைகளிலும் பஸ் தரிப்பிடங்களிலும் அலசப்படும். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்ற பேதமின்றிப் பிள்ளைகள் ஒரே சீருடையில் களமிறங்குவதால், இப்போட்டிகளின் மீதான அக்கறையும் எல்லாச் சமூகத்தவருக்கும் பொதுவானதே.

ஆனால், அண்மைக் காலமாக இப்போட்டிகளைப் பற்றிய பேச்சில் வீரர்களின் திறமையை விடவும் நடுவரின் தீர்ப்பே அதிக இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. மைதானத்தில் ஒரு 'ட்ரை' வழங்கப்பட்டு, அடுத்த உதைக்குப் பந்து வைக்கப்படுவதற்குள் அக்காட்சி நூற்றுக்கணக்கான கையடக்கத் தொலைபேசிகளில் பதிவாகிப் பகிரப்பட்டு விடுகின்றது. பந்து கோட்டுக்கு உள்ளே ஊன்றப்பட்டதா, எறியப்பட்ட பந்து முன்னோக்கிச் சென்றதா என்று அனைவரும் மீண்டும் மீண்டும் பார்க்கின்றனர். அதைப் பார்க்க முடியாத ஒரே மனிதர், தீர்ப்பளிக்க வேண்டிய நடுவர் மட்டுமே.

இந்த முரண்பாட்டிலிருந்துதான், பாடசாலைப் போட்டிகளிலும் தொலைக்காட்சி மீளாய்வு வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெறுகின்றது. அக்கோரிக்கை நியாயமானதா, நடைமுறைக்கு ஏற்றதா, அது வந்தால் எல்லாத் தகராறும் தீர்ந்துவிடுமா என்பன உணர்ச்சிவசப்படாமல் ஆராயப்பட வேண்டிய கேள்விகளாகும். இவற்றுக்கு விடை தேடக் கண்டியை விடப் பொருத்தமான இடம் வேறில்லை எனலாம்.

அஸ்கிரியவில் நடந்தது

திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான அஸ்கிரிய மைதானத்தில் 2001 மார்ச் மாதம் இலங்கை, இங்கிலாந்து அணிகளுக்கிடையிலான இரண்டாவது டெஸ்ட் போட்டி நடைபெற்றது. காலியில் நடைபெற்ற முதலாவது டெஸ்டில் இலங்கை இன்னிங்ஸ் வெற்றி பெற்றிருந்தது. கண்டியில் இங்கிலாந்து 3 விக்கெட்டுகளால் வென்று தொடரைச் சமப்படுத்தியது. மஹேல ஜயவர்தனவின் சதமும், இரண்டாவது இன்னிங்ஸில் இந்த மண்ணின் மைந்தரான குமார் சங்கக்கார பெற்ற 95 ஓட்டங்களும் அப்போட்டியின் சிறப்புகள். ஆயினும் இன்று அப்போட்டி நினைவுகூரப்படுவது அவற்றுக்காக அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த நடுவர் தவறுகளுக்காகவே.

இலங்கை அணித்தலைவர் சனத் ஜயசூரிய அடித்த பந்து தரையில் பட்டு எழும்பியது. அதைக் கிரஹம் தோர்ப் பாய்ந்து பிடித்தார். பிடி என்று தீர்ப்பளிக்கப்பட்டது. மூன்றாவது நடுவர் ஒருவர் இருந்தும் அவரிடம் கேட்கப்படவில்லை. தலைக்கவசத்தை எறிந்துவிட்டு வெளியேறிய ஜயசூரியவுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. மறுபுறம், முதல் இன்னிங்ஸில் 109 ஓட்டங்களைப் பெற்ற இங்கிலாந்து அணித்தலைவர் நாசர் ஹுசைனுக்கு எதிரான பிடிக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டமை தவறு என்பதைத் தொலைக்காட்சி மீள்காட்சி உணர்த்தியது. தவறுகளால் இங்கிலாந்து வீரர்களும் பாதிக்கப்பட்டனர். வீரர்களிடையே வாக்குவாதங்கள் மூண்டன.

இங்கு ஒரு விடயம் கவனத்திற்குரியது. களத்தில் நின்ற இரு நடுவர்களில் ஒருவர் இலங்கையர். ஆகவே, இலங்கைக்கு எதிரான சதி என்று எவரும் கூற முடியாது. அவை பாரபட்சத்தால் விளைந்த தவறுகள் அல்ல. மனிதக் கண்ணின் எல்லையால் விளைந்தவை. துடுப்பாட்ட வீரரைச் சூழக் களத்தடுப்பாளர்கள் குவிந்து நின்று, ஓவருக்கு ஓவர் ஒருமித்துக் குரலெழுப்பும்போது, கண நேரத்தில் தீர்ப்பளிக்க வேண்டிய மனிதர் தடுமாறுவது இயல்பே. அதே கணத்தில் வீட்டிலிருந்த இரசிகனுக்கு உண்மை தெரிந்திருந்தது என்பதுதான் அன்றைய அவலம்.

இலங்கையின் பங்கு

தொலைக்காட்சியின் உதவியுடன் தீர்ப்பளிக்கும் முறை கிரிக்கெட்டில் 1992 நவம்பரில் டர்பனில் நடைபெற்ற தென்னாபிரிக்க, இந்திய டெஸ்ட் போட்டியில் தொடங்கியது. அவ்வகையில் ஆட்டமிழந்த முதல் வீரர் சச்சின் டெண்டுல்கர். எனினும், கேட்பதா இல்லையா என்பதை நடுவரே முடிவு செய்தார். தான் தவறியிருக்கலாம் என்று ஐயுறாத நடுவர் எதற்காகக் கேட்கப் போகின்றார்? அஸ்கிரியவில் வெளிப்பட்டது இந்தக் குறைபாடே.

கேட்கும் உரிமையை வீரருக்கு வழங்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இலங்கையர் ஒருவர் உரிமை கோரி வருகின்றார். கீழ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்வது போன்று, நடுவரின் தீர்ப்பை எதிர்த்து மூன்றாவது நடுவரிடம் முறையிட வீரருக்கு இடமளிக்க வேண்டுமென்று சட்டத்தரணி செனக வீரரத்ன 1997 மார்ச்சில் அவுஸ்திரேலியப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினார். அதற்குரிய அங்கீகாரம் தமக்குக் கிடைக்கவில்லை என்று அவர் நீண்டகாலமாக வாதிட்டு வருகின்றார்.

அம்முறை முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டதும் இலங்கை மண்ணிலேயே. 2008 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் இந்திய அணி இங்கு வந்து ஆடிய மூன்று டெஸ்ட் போட்டிகளிலும் வீரர்களுக்கு மேன்முறையீட்டு உரிமை வழங்கப்பட்டது. அத்தொடரில் இலங்கை 11 தீர்ப்புகளைத் தனக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டது. இந்தியாவால் ஒன்றை மட்டுமே மாற்ற முடிந்தது. தொழில்நுட்பம் இரு அணிகளுக்கும் ஒன்றே. வேறுபட்டது அதைப் பயன்படுத்திய விதம். ஆத்திரத்தில் கேட்பதற்கும் ஆராய்ந்து கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை அத்தொடர் தெளிவாகக் காட்டியது. 2009 நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் பேரவை இம்முறையை முறைப்படி அறிமுகப்படுத்தியபோதும், இந்தியக் கட்டுப்பாட்டுச் சபை 2016 வரை தனது இருதரப்புத் தொடர்களில் அதனை ஏற்கத் தயங்கியே நின்றது.

படமும் பொய் சொல்லும்

அப்படியாயின் கமெராவைக் கொண்டுவந்தால் போதும், நியாயம் தானாக வந்துவிடும் என்று முடிவு கட்டலாமா? முடியாது என்பதற்கும் கண்டியிலேயே சான்று உண்டு.

புனித அந்தோனியார் கல்லூரியின் பழைய மாணவரான முத்தையா முரளிதரனை 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயர் ஏழு தடவைகள் 'நோ போல்' என அறிவித்தார். பந்தை எறிகின்றார் என்பது குற்றச்சாட்டு. தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்த பலர் அதனை நம்பினர். படத்தில் முழங்கை மடிந்து நீள்வது போலவே தெரிந்தது. ஆனால், பிறப்பிலேயே முழுமையாக நீட்ட முடியாத கை அது. பல கமெராக்களைக் கொண்டு ஆய்வுகூடத்தில் முப்பரிமாணத்தில் அளந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பின்னர் நடைபெற்ற ஆய்வுகளில், ஏறக்குறைய எல்லாப் பந்துவீச்சாளர்களின் கையும் ஓரளவு நீள்கின்றது என்பதும் தெரியவந்தது. அதன் விளைவாக 2005 முதல் 15 பாகை என்ற பொது எல்லை வகுக்கப்பட்டது. 2007 டிசம்பர் 3ஆம் திகதி அதே அஸ்கிரியவில் தனது 709ஆவது விக்கெட்டைக் கைப்பற்றி முரளிதரன் உலக சாதனையை மீட்டெடுத்தபோது, அது ஒரு தனிமனிதரின் வெற்றி மாத்திரமல்ல, அவசரத் தீர்ப்புக்கு எதிராகப் பொறுமையான அளவீடு பெற்ற வெற்றியுமாகும்.

ஒரு கோணத்திலிருந்து எடுக்கப்பட்ட படம் ஆழத்தைக் காட்டாது. தரையை ஒட்டிப் பிடிக்கப்பட்ட பந்து, தரையில் பட்டது போலவே திரையில் தோன்றும். கோட்டுக்கு நேரே நில்லாத கமெரா, கோட்டைத் தாண்டிய பந்தைத் தாண்டாததாகவும் காட்டும். மெதுவாக ஓட்டப்படும் காட்சிக்கோ வேறொரு குறைபாடும் உண்டு. ஒரு செயலை மெதுவாகக் காட்டும்போது, அதைச் செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று பார்ப்பவர் எண்ணும் போக்கு அதிகரிக்கின்றது என 2016இல் வெளியான அமெரிக்க உளவியல் ஆய்வொன்று காட்டியது. கழுத்துக்கு மேலே பிடித்து மடக்கும் குற்றத்தைக் கண்டறிய மெதுவான காட்சி உதவலாம். ஆனால், அந்தப் பதினேழு வயதுப் பையன் அதைத் திட்டமிட்டுச் செய்தானா என்று தீர்மானிக்க அது சரியான வழிகாட்டி அல்ல.

கிரிக்கெட் உலகம் இந்த எல்லையை ஏற்றுக்கொண்டுள்ளது. கால்முன் ஆட்டமிழப்பில், 'இல்லை' என்ற நடுவரின் தீர்ப்பை மாற்ற வேண்டுமாயின் கணிக்கப்பட்ட பந்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி விக்கெட்டில் பட வேண்டும். அதற்குக் குறைந்தால் களநடுவரின் தீர்ப்பே நிலைக்கும். இயந்திரம் உறுதியாகக் கூற முடியாத இடத்தில் மனிதரின் தீர்ப்புக்கு மதிப்பளிக்கும் ஏற்பாடு இது.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்ற வரம்பும் முக்கியமானது. 2024 பெப்ரவரியில் தம்புள்ளையில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான மூன்றாவது ரி-20 போட்டியின் இறுதி ஓவரில், இடுப்புக்கு மேலே வந்த பந்தொன்று 'நோ போல்' என அறிவிக்கப்படவில்லை. இலங்கை 3 ஓட்டங்களால் தோற்றது. உயரத்துக்கான 'நோ போல்' தீர்ப்பை மீளாய்வு செய்ய வீரர்களுக்கு விதியில் இடமில்லை. நடுவரைக் கடுமையாக விமர்சித்த அணித்தலைவர் வனிந்து ஹசரங்கவுக்கு இரண்டு போட்டிகளில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. திரையில் அனைவருக்கும் தெரிந்த ஒன்றை விதி கேட்க விடாதபோது எழும் மனக்கசப்புக்கு இது நல்ல உதாரணம்.

அமெரிக்கக் கல்லூரிகளின் அனுபவம்

மாணவர் விளையாட்டில் மீளாய்வைப் புகுத்துவதன் விளைவை அறிய அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கு பல்கலைக்கழகங்களுக்கிடையிலான அமெரிக்கக் கால்பந்தாட்டம் பெரும் மக்கள் கூட்டத்தை ஈர்ப்பதாகும். 2004இல் 'பிக் டென்' என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு தொலைக்காட்சி மீளாய்வைப் பரீட்சித்தது. அடுத்த ஆண்டு ஏனைய கூட்டமைப்புகளும் அதனைப் பின்பற்றின. 2006இல் பயிற்றுநருக்கும் ஆட்சேபிக்கும் உரிமை வழங்கப்பட்டது.

அதே ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி ஒரிகன், ஒக்லஹோமா பல்கலைக்கழகங்கள் மோதின. இறுதி நிமிடங்களில் பின்தங்கியிருந்த ஒரிகன் அணி, தானே மீட்டெடுக்கும் நோக்கில் பந்தைக் குறுகிய தூரத்துக்கு உதைத்தது. பந்து 10 யார் செல்வதற்குள் உதைத்த அணியினர் அதைத் தொடக்கூடாது என்பது விதி. ஒரிகன் வீரர் முன்கூட்டியே தொட்டுவிட்டதைத் தொலைக்காட்சி பார்த்தோர் கண்டனர். போதாக்குறைக்கு, பந்தைக் கைப்பற்றியதும் ஒக்லஹோமா வீரரே. எனினும் பந்து ஒரிகனுக்கே வழங்கப்பட்டது. மீளாய்வு அறையும் அதனை மாற்றவில்லை. ஒரிகன் 34-33 என வென்றது. தவறை ஒப்புக்கொண்ட கூட்டமைப்பு, களநடுவர்களையும் மீளாய்வு அதிகாரிகளையும் ஒரு போட்டிக்கு இடைநிறுத்தியது. மீளாய்வு அதிகாரிக்கு மிரட்டல்களும் வந்தன.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் தெளிவானது. மீளாய்வு தவறுகளைக் குறைக்கும், ஒழிக்காது. அத்துடன், கமெரா இருந்தும் தவறு நேரும்போது மக்களின் சினம் முன்னரை விடவும் பன்மடங்காகின்றது. 'அவர் காணவில்லை' என்ற சமாதானம் அங்கு எடுபடாது. 'கண்டும் அநியாயம் செய்தார்' என்றே கூறுவர்.

எல்லா மைதானங்களுக்கும் ஒரே நீதி

இனி நமது நிலைமைக்கு வருவோம். நாட்டின் முதலாவது பாடசாலை றக்பி போட்டி 1906இல் கண்டியின் கிங்ஸ்வூட், திரித்துவக் கல்லூரிகளுக்கிடையே நடைபெற்றதாகும். 1945 முதல் திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் மோதும் பிரட்பி கேடயத்தின் வெற்றியாளர், இரு கட்டப் போட்டிகளின் மொத்தப் புள்ளிகளைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றார். ஒரு 'ட்ரை'யின் பெறுமதி ஐந்து புள்ளிகள். தவறாக வழங்கப்படும் அல்லது மறுக்கப்படும் ஒரு 'ட்ரை', ஓர் ஆண்டு முழுவதும் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் உழைப்பை வீணாக்கிவிடும். அவர்களில் பலருக்கு அதுவே பாடசாலை வாழ்வின் கடைசிப் போட்டி. ஆகவே, மீளாய்வு வேண்டும் என்போரின் ஆதங்கத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆயின், ஒழுங்கான மீளாய்வுக்குப் பல கோணங்களில் நிலையான கமெராக்களும், பயிற்றப்பட்ட அதிகாரியும், நடுவருடன் தொடர்புகொள்ளும் கருவியும் தேவை. தொலைக்காட்சி நிறுவனம் வரும் ஒரு சில பெரும் போட்டிகளில் இவை சாத்தியமாகலாம். கம்பளையிலோ அக்குரணையிலோ மடவளையிலோ ஒரு முஸ்லிம் பாடசாலை உதைபந்தாட்டம் ஆடும் போதும், புசல்லாவையில் ஒரு தோட்டப் பாடசாலை அணி களமிறங்கும் போதும் இவை கிடைக்குமா? அங்கெல்லாம் ஒழுங்கான எல்லைக்கோடு வரையப்படுவதே பெரும் காரியம். பெரிய பாடசாலையின் பிள்ளைக்கு மேன்முறையீடும் சிறிய பாடசாலையின் பிள்ளைக்கு விதியே கதியுமாக அமையுமாயின், அது நியாயத்தை விரிவுபடுத்துவதாகாது. பாடசாலைகளுக்கிடையே ஏற்கனவே உள்ள ஏற்றத்தாழ்வை விசில் வரை கொண்டுசெல்வதாகவே முடியும்.

எனவே, பாடசாலை விளையாட்டை நடத்துவோர் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்வது நன்று.

முதலாவதாக, ஒரு சுற்றுத்தொடரில் மீளாய்வு பயன்படுத்தப்படுவதாயின், குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் ஆடும் எல்லா அணிகளுக்கும் அது இருத்தல் வேண்டும். அரையிறுதிப் போட்டிகளில் ஒன்றுக்கு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்ற நிலை கூடாது. இரு கட்டங்களாக நடைபெறும் போட்டியில் கொழும்பில் இருப்பது கண்டியிலும் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, மீளாய்வுக்குரிய விடயங்கள் பருவகாலம் தொடங்குமுன் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். பந்து ஊன்றப்பட்டதா, வீரர் எல்லைக்கோட்டை மிதித்தாரா, ஆபத்தான முரட்டு ஆட்டம் இடம்பெற்றதா என்ற மூன்றுடன் நிறுத்திக்கொள்வது உசிதமானது. தெளிவான ஆதாரம் இல்லாதவிடத்துக் களநடுவரின் தீர்ப்பே நிலைக்க வேண்டும். பார்வையாளரின் தொலைபேசிப் பதிவை, எவ்வளவு தெளிவாக இருப்பினும், போட்டியின் முடிவை மாற்றும் சான்றாக ஏற்கலாகாது. அதற்கு இடமளித்தால் ஒவ்வொரு போட்டியும் மறுநாள் மீண்டும் ஆடப்படும்.

மூன்றாவதாக, மீளாய்வின் மிகப் பெரிய பயன் போட்டியின்போது அல்ல, போட்டிக்குப் பின்னரே கிடைக்கக்கூடும். ஒரு சாதாரண கமெராவை ஒரே இடத்தில் நிறுத்திப் பதிவு செய்யப் பெரும் செலவு ஏற்படாது. அப்பதிவை நடுவர் சங்கத்தினர் வார இறுதியில் நடுவருடன் இருந்து பார்த்தால், அவர் நின்ற இடம் சரியா, கண் எங்கே தவறியது என்பதை அவரே கற்றுக்கொள்வார். இது பெரிய மைதானத்துக்கும் சிறிய மைதானத்துக்கும் பொதுவாகச் செய்யக்கூடியது. நல்ல நடுவர்களை உருவாக்காமல் கமெராக்களை மட்டும் வாங்கினால், ஒரிகனில் நடந்ததே இங்கும் நடக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடசாலை விளையாட்டின் நோக்கத்தை மறந்துவிடலாகாது. தொழில்முறைப் போட்டியில் ஒரு தவறான தீர்ப்பு பணத்தையும் பதவியையும் பாதிக்கும். பாடசாலையில் அது பிள்ளையின் மனதைப் பாதிக்கும். தீர்ப்பை விடவும் அதற்குப் பெரியவர்கள் காட்டும் எதிர்வினையே அங்கு ஆழமாகப் பதிகின்றது. தந்தையும் பழைய மாணவரும் ஆசிரியரும் வேலியோரம் நின்று நடுவரை ஏசுவதைப் பார்த்து வளரும் பிள்ளை, நாளை நீதிமன்றத்தையும் தேர்தல் முடிவையும் தனக்குச் சாதகமானபோது மட்டுமே மதிக்கப் பழகுவான். தீர்ப்புகளை ஐயுறுவதற்குப் போதிய காரணங்களைக் கண்டுள்ள சிறுபான்மைச் சமூகங்களுக்கு இது சிறிய விடயமன்று. ஐயுறுவது உரிமை, ஆனால் அதனை முறைப்படி எழுப்பக் கற்பதே நாகரிகம். ஏசுவதற்குப் பதிலாக முறையிடுவதையும், முறையீடு தோற்றால் எதிரணியின் கையைக் குலுக்கிவிட்டு வருவதையும் பிள்ளைகள் கற்கும் இடம் மைதானமே.

2001இல் அஸ்கிரியவில் வீரர்களுக்கு முறையிட வழி இருக்கவில்லை. இன்று சர்வதேசக் களத்தில் அவ்வழி திறந்திருக்கின்றது. அதைப் பாடசாலை மைதானங்களுக்குக் கொண்டுவருவதில் தவறில்லை. ஆனால், வசதி படைத்த இரு மைதானங்களுக்கு மட்டும் அது திறக்கப்படுமாயின், நாம் திருத்தியது ஒரு தவறை. செய்தது இன்னொரு தவறை. கமெரா வருவதற்கு முன்னர், அது யாருக்கெல்லாம் வரும் என்ற கேள்விக்குப் பொறுப்பானவர்கள் பதிலளிக்க வேண்டும்.